கற்றுக்கொள்ளும் ரிமோட்

நான்கு ரிமோட்டுகளும் டீச்சரின் மடியில் இருக்கும்போது டிவி தானாக ஓட ஆரம்பித்தது.

அவள் அவற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பேட்டரிகளை எல்லாம் கழற்றித் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, பட்டன்களின் இடுக்கில் அப்பியிருந்த அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்த நேரம். முதலில் ‘டிக்’கென்று ஒரு சின்னச் சத்தம். பிறகு அந்தப் பெரிய கறுப்புத் திரை மெல்லச் சாம்பல் நிறத்துக்கு வந்து, யாரோ ஒரு ஆள் தலைபோகிற அவசரத்தில் மெத்தை விற்கத் தொடங்கினான். டீச்சர் நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள், தன் மடியைப் பார்த்தாள், பிறகு ஹாலின் நடுவில் போட்டிருந்த இரும்புக் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் அவள் கணவர் எப்போதும்போல் வாய் பாதி திறந்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

“கரன்ட் ஏறி இறங்குதுபோல” என்று சத்தமாகச் சொன்னாள். பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து தனக்குத்தானே பேசுவது பழகிவிட்டது. கணக்குப் பாடம் நடத்துகிறவள். விடை வந்தால் மட்டும் போதாது, வழியையும் காட்டு என்று பிள்ளைகளின் உயிரை எடுக்கிறவள். ஆனால் அன்று அவள் வழியைத் தேடவில்லை. ஒருவேளை அவருக்கு டிவி பார்க்க வேண்டும்போல் இருக்கிறதோ என்று ஓர் ஆசை உள்ளே எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் புத்தி ஒதுங்கி வழிவிட்டுவிட்டது.

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார், கேலியாக. பதிலுக்கு அவள் அவரை ஆபரேட்டர் என்பாள். சினிமா தியேட்டரில் படம் ஓட்டிய மனிதர். தியேட்டரை இழுத்து மூடிய பிறகு அந்த ஆசையை எல்லாம் வீட்டு ஹாலில் கொண்டுவந்து கொட்டினார். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி, அதன் கீழே செட்டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர், அவரே உட்கார்ந்து பற்றவைத்துச் செய்த ஒரு ஆம்ப்ளிஃபயர், மூலைக்கு மூலை ஸ்பீக்கர்கள். ஒரு படம் போட வேண்டுமென்றால் நான்கு ரிமோட்டையும் ஒரு முறைப்படி அமுக்க வேண்டும். அந்த முறை அவருக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாராவது கைவைத்துவிட்டால் தாம்தூம் என்று குதிப்பார்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் உடம்பில் மிஞ்சியது வலதுகைக் கட்டைவிரலின் அசைவு ஒன்றுதான். அதுவும் அவர் நினைத்து அசைக்கிறாரா, நரம்பு தானாகத் துடிக்கிறதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குடும்பம் இரண்டாக நின்றது. அவர் உள்ளே இருக்கிறார் என்றாள் டீச்சர். இல்லை என்று வாய்விட்டுச் சொல்லாமல், இல்லை என்பதைப் போலவே நடந்துகொண்டான் அவள் கொழுந்தன்.

கொழுந்தன் கெட்டவன் இல்லை. அண்ணன்மீது உயிரையே வைத்திருந்தவன். அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறவன்.

“உங்க இடுப்பைப் பாருங்க அண்ணி, நிமிர்ந்து நிக்கவே முடியல உங்களால. நான் சொன்ன அந்தப் பராமரிப்பு இல்லத்துல ஒரு படுக்கை காலியா இருக்கு. நல்லா பாத்துக்குவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டியோட வந்துடறேன்.”

“அவருக்கு எல்லாம் கேக்குது. எல்லாம் தெரியுது.”

“அப்ப ஒரே ஒரு தடவை காட்டட்டும் அண்ணி. நாம ஒண்ணு சொல்லி, அதை அண்ணன் செய்யட்டும். அதுக்கப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். வண்டியை அப்படியே திருப்பிடறேன்.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கட்டைவிரல் பேச வேண்டும். அவர் வாழ்நாள் எல்லாம் கட்டைவிரலால் செய்த வேலை ஒன்றுதான், பட்டனை அமுக்குவது. நான்கு ரிமோட்டும் அவருக்கு இனி ஆகாது, பொடிப்பொடிப் பட்டன்கள், வழவழப்பான மேற்பரப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் கிடைத்தால்? டிவி தானாக ஓடிய அன்று மதியமே, பக்கத்து வீட்டு அம்மாவைக் கொஞ்சநேரம் உட்காரவைத்துவிட்டு டீச்சர் கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரன் அவளிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் குட்டு வாங்கியவன். இப்போது தலை வழுக்கையாகி, மூன்று கிளை வைத்திருந்தான். ஆனாலும் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“இதைப் பாருங்க டீச்சர். பட்டனே கிடையாது. போன் மாதிரி தொட்டாப் போதும்.”

“தடவிப் பாத்தா எல்லாம் கண்ணாடியாத்தானே இருக்கு? எது எங்க இருக்குன்னு விரலுக்கு எப்படித் தெரியும்?”

“சரி, இது. எல்லா கம்பெனி டிவிக்கும் உள்ளேயே கோட் நம்பர் போட்டு வெச்சிருக்கான். நம்பரைத் தட்டினா வேலை செய்யும்.”

“எங்க ஆம்ப்ளிஃபயருக்குக் கம்பெனியே கிடையாதேப்பா. அவர் கையால செஞ்சது.”

“அப்ப இது தேறாது” என்று அதையும் ஓரம் தள்ளிவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தான். கொஞ்சம் அகலம், கொஞ்சம் கனம். “இதுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். நாமதான் சொல்லித் தரணும். பழைய ரிமோட்டை எதிர்ல வெச்சு அமுக்கினா, பாத்துக் கத்துக்கும். ஒரு தடவை கத்துக்கிட்டா மறக்காது. எங்களை மாதிரி இல்லை.”

டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு விரல்களையும் மடக்கி, கட்டைவிரலை மட்டும் விட்டு, அந்த ரிமோட்டைத் தடவினாள். ரப்பர் பட்டன்கள், ஒவ்வொன்றும் புடைத்து, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியில் இருந்தன. மேலே அணைக்கும் பட்டன் தனியாக ஒதுங்கி நின்றது, தவறவே முடியாது. கீழே ஓரத்தில் சிவப்பாக ஒன்று உபரியாக இருந்தது. அதற்கு எந்த வேலையும் இல்லை, வேண்டுமானால் எதையாவது சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்றான் கடைக்காரன். அவள் கண் திறந்தபோது அவன் போனை நீட்டினான்.

“வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ரிமோட்ல இருந்து வர்ற வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பின்பக்கக் கேமராவுல பாக்காதீங்க, அதுல தடுத்துடும். செல்ஃபி கேமராவுல பாருங்க.”

போன் திரையில் அவள் முகம், களைத்துப்போய், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு தெரிந்தது. அந்த முகத்துக்குப் பக்கத்தில் ரிமோட்டின் முனையில் ஊதாநிறமாக ஒரு பொட்டு வெளிச்சம் வேகவேகமாகத் துடித்தது. போனைத் தாழ்த்திவிட்டு நேரே பார்த்தாள். ஒன்றும் இல்லை. இப்படி எத்தனை வெளிச்சம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு வகுப்பைத் தொடங்கினாள். பழைய ரிமோட்டும் புதிய ரிமோட்டும் மூக்கோடு மூக்கு வைத்ததுபோல எதிரெதிரே கிடந்தன. புதியதில் ஒரு பட்டனைத் தட்டினால் அதன் சின்ன விளக்கு கேள்வி கேட்பதுபோல மினுக்மினுக்கென்று காத்திருக்கும். பழையதில் அதே பட்டனை அமுக்கினால் இரண்டு தடவை பளிச்சிட்டு அடங்கும். தெரிந்துகொண்டுவிட்டது என்று அர்த்தம். “கெட்டிக்காரன்” என்றாள் டீச்சர். “ஆபரேட்டர், பாத்தீங்களா? உங்க வித்தையை எல்லாம் இவனுக்குச் சொல்லிக்குடுத்துட்டேன். இனிமே நீங்க குதிக்க முடியாது.” அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் டெட்டாலும் பவுடரும் ரப்பர் விரிப்பும் கலந்த வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பழைய டிவியின் பின்பக்கத்தைத் திறந்தால் வருமே, சூடேறிய தூசியின் வாடை. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

எல்லாப் பட்டனும் முடிந்து சிவப்பு ஒன்று மட்டும் மிச்சம். எதற்கு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே அதைத் தட்டினாள், விளக்கு மினுக்மினுக்கென்று காத்திருக்க ஆரம்பித்தது. அப்போது சமையலறையில் போன் அடித்தது. கையில் இருந்ததை அப்படியே அவர் மார்பின்மேல், போர்வையின் மடிப்பில் வைத்துவிட்டு ஓடினாள். கொழுந்தன்தான். வண்டிக்குச் சொல்லிவிட்டானாம். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் மார்பின்மேல் இருந்த ரிமோட் இரண்டு தடவை பளிச்சிட்டு அடங்கியது.

அதன் எதிரே எந்த ரிமோட்டும் இல்லை. நான்கும் பலகைமேல் கிடந்தன. ரிமோட்டின் முனைக்கு நேரே இருந்தது அவர் முகம், பாதி திறந்த வாய்.

மறுபடி போனை எடுத்தாள். கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டாள். “டியூப்லைட் வெளிச்சத்தைக்கூடச் சில சமயம் பிடிச்சுக்கும் டீச்சர். ஒண்ணுமில்லை, அழிச்சுட்டு மறுபடி போடுங்க” என்றான். டியூப்லைட் எரியவில்லை, பட்டப்பகல் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவர் வலதுகையில் ரிமோட்டை வைத்து, விரல்களைச் சுற்றி மடக்கி, கழன்றுவிடாமல் ஒரு துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டினாள். டிவியைப் போட்டாள். கட்டைவிரல் நடுங்கியது. ரப்பர்மேல் மெல்ல ஊர்ந்தது. ஊர்ந்து, மேலே ஏறி, தனியாக ஒதுங்கி நின்ற பட்டனின்மேல் போய் நின்று அழுத்தியது. டிவி அணைந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனை நாள் கழித்து அந்த உடம்பிலிருந்து ஒரு சேதி! “எங்கே, இன்னொரு தடவை” என்று டிவியை மறுபடி போட்டாள். சரியான விடை சொன்ன பிள்ளையை விடவே மாட்டாள் அவள், மறுபடி செய்யச் சொல்லி, மறுபடி செய்யச் சொல்லி, தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மாதிரி ஆக்கிவிட்டுத்தான் ஓய்வாள். கட்டைவிரல் மறுபடி அணைத்தது. அவள் மறுபடி போட்டாள். சானலை மாற்றச் சொன்னாள், ஒலியைக் கூட்டச் சொன்னாள். விரல் வேறு எந்தப் பட்டனுக்கும் போகவில்லை. அணைத்தது. போட்டாள். அணைத்தது. கடைசியில் நகம் வெளுக்கும் அளவுக்கு அது அந்த ஒரே பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது.

கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “ஒரே பட்டன்தானா அண்ணி?” என்று கேட்டான். “விரல் வழக்கமா போய் நிக்கற இடம் அதுவா இருக்கலாமில்ல?” அவன் குரலில் இருந்த இரக்கம் அவளுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கோபத்தில்தான் அவர் கையிலிருந்து ரிமோட்டைக் கழற்றி எடுத்தாள். வேறு பட்டன்களைச் சரிபார்க்க ஒவ்வொன்றாக டிவியை நோக்கி அமுக்கிக்கொண்டே வந்தாள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. கடைசியில் சிவப்பு. அமுக்கினாள். டிவியில் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பினாள். அவர் இடதுகை போர்வைக்குமேலே தூக்கி நின்றது. மூன்று மாதமாகத் துணிப்பொம்மையின் கையாகக் கிடந்த கை. ஐந்து விரலும் விரிந்து, அந்தரத்தில், ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டு, மெல்ல இறங்கியது.

பயம்தான் முதலில் வந்தது. அதை அவள் பிற்பாடும் மறுக்கவில்லை. ஆனால் பயத்தின் குதிகாலை மிதித்துக்கொண்டு சந்தோஷம் ஓடி வந்தது. ரிமோட்டை அவரை நோக்கி நீட்டி மறுபடி அமுக்கினாள். முழங்கை மடங்கியது. மறுபடி. தலை தலையணையில் உரசிக்கொண்டு அவள் பக்கம் திரும்பியது. அவர் அவளைப் பார்த்தார். இரண்டு கண்ணின் ஓரத்திலும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“அழாதீங்க. நீங்க நல்லாயிடுவீங்க” என்றாள். “எங்கே, இன்னொரு தடவை.”

சனிக்கிழமை முழுக்க இதுதான் வேலை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. ஒவ்வொரு அமுக்கலுக்கும் உடம்பு ஏதோ ஒன்றைக் கூடுதலாகச் செய்தது. கால்விரல்கள் விரிந்தன, கால் மடங்கியது, தோள் எழும்பியது. முன்பு செய்ததை அது மறக்கவே இல்லை. ஒருமுறை செய்ததை மறுமுறை இன்னும் சுத்தமாகச் செய்தது. மதியத்துக்குமேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தது. வலதுகைக் கட்டைவிரல் மட்டும் இந்தப் பாடத்தில் சேரவில்லை. அதில் இப்போது ரிமோட் இல்லை. ஆனாலும் அது வெறும் காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தது, நிற்காமல். கண்ணீரும் நிற்கவில்லை. இவ்வளவு சந்தோஷமா மனிதருக்கு என்று டீச்சர் முந்தானையால் துடைத்துவிட்டாள். குனிந்தபோது அவர் மூச்சு முகத்தில் பட்டது. சூடேறிய தூசியின் வாடை. அது ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரவில்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் வெளிச்சம் மங்க ஆரம்பித்த நேரத்தில் அவருக்குச் சட்டை மாற்றி, தலைவாரி, பவுடர் போட்டுத் தயார்படுத்தினாள். கொழுந்தன் வந்துகொண்டிருப்பதாகத் தகவல் அனுப்பியிருந்தான். உள்ளே வந்ததும் உட்காரச் சொல்ல வேண்டும், பிறகு ‘உங்க தம்பி வந்திருக்காரு பாருங்க’ என்று சொல்லிக்கொண்டே முந்தானைக்குள் வைத்து சிவப்பை அமுக்க வேண்டும். அவர் எழுந்து உட்காருவார். அது ஏமாற்றா? மருந்து கொடுப்பது ஏமாற்றா என்ன? இப்படி எல்லாம் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு டிவி ஸ்டாண்டின்மேலே தூசி தட்டிக்கொண்டிருந்தவள், கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

அவர் உட்கார்ந்திருந்தார்.

அவள் அமுக்கவில்லை. ரிமோட் கையில்தான் இருந்தது, ஆனால் விரல் சிவப்பின் பக்கமே போகவில்லை. பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டு தானாக அனுப்பிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. போனை எடுத்தாள். கடைக்காரன் சொன்னபடியே செல்ஃபி கேமராவைத் திறந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரிமோட்டின் முனையைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திரையைப் பார்த்தாள். ரிமோட்டில் வெளிச்சம் இல்லை. பட்டன் மாட்டவில்லை. அது சும்மாதான் இருந்தது.

அவள் தோளுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், ஊதாநிற வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த உருவத்தின் பாதி திறந்த வாய்க்குள், நாக்குக்கு மேலே, தொண்டைக்குச் சற்று முன்னால். பற்களின் உட்புறம் ஊதாவாக மின்னி மின்னி அடங்கியது.

திரும்பிப் பார்த்தாள். வெறும் வாய். உள்ளே இருட்டு.

போனைப் பார்த்தாள். வெளிச்சம்.

திரும்பிப் பார்த்தாள். வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்திருந்தது.

போனை மறுபடி உயர்த்தினாள். பார்த்தாள். துடிப்பு மாறியிருந்தது. இதுவரை ஒரே சீராக இருந்தது இப்போது விட்டு விட்டு வந்தது. ஒரு துடிப்பு. நிறுத்தம். வேறு மாதிரி ஒரு துடிப்பு. நிறுத்தம். எதையோ தேடுகிற மாதிரி. அது டிவியை நோக்கி இல்லை. அவள் முதுகை நோக்கி.

அவள் இடது இமை படபடத்தது. அவள் படபடக்கச் செய்யவில்லை.

ஒரு துடிப்பு. வலது முழங்கால் தானாக மடங்கி நிமிர்ந்தது.

ஒரு துடிப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கத்த நினைத்தாள். கத்தல் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது.

போன் விழுந்தது. இனி அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ரிமோட் இன்னும் கையில். மேலே தனியாக ஒதுங்கி நிற்கும் அந்தப் பட்டன். அதைத்தானே அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார், நகம் வெளுக்க, காற்றில்கூட. டிவி பார்க்கப் பிடிக்காமல் இல்லை. நரம்புத் துடிப்பும் இல்லை. அவர் உள்ளே இருந்தார். அவளிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அணைத்துவிடு. டீச்சர், தயவுசெய்து இதை அணைத்துவிடு. அவள் ஒவ்வொரு தடவையும் போட்டாள்.

விரலை அந்தப் பட்டனுக்கு நகர்த்தினாள். நகர்ந்தது. பாதி தூரம்.

பின்னால் வெறுங்கால் தரையில் பட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. தூசியின் வாடை. சூடு. பிடரியில்.

விரல் நின்றுவிட்டது.

பிறகு எல்லாமே.

அவள் விழுந்தாள். டிவி ஸ்டாண்டின்மீது சாய்ந்து, சரிந்து, பக்கத்து நாற்காலியில் மடங்கினாள். கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் மட்டும் அவளுடையதாக இருந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் வந்து குனிந்தது அவர் முகம், தலைவாரிய முகம், பவுடர் போட்ட முகம். அது அவள் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தது. கை தொப்பென்று விழுந்தது. அது நெடுநாள் பேசாத தொண்டையைச் செருமிக்கொண்டது.

“எங்கே” என்றது. “இன்னொரு தடவை.”

கையைத் தூக்கி மறுபடி விட்டது.

அழைப்பு மணி அடித்தது. வெறுங்கால்கள் வாசலை நோக்கி நடந்தன, நிதானமாக, சுவரைப் பிடிக்காமல். கதவு திறந்தது. பிறகு கொழுந்தனின் குரல் உடைந்து வெளிவந்தது.

“அண்ணா! ஐயோ… அண்ணா!”

அவன் அழுவதும் சிரிப்பதும் கேட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டு முதுகில் அடிப்பது கேட்டது. “அண்ணி சொன்னாங்களே, நான்தான் நம்பல. நான்தான் பாவி, நம்பவே இல்லை.” உள்ளே ஓடி வந்தான். “அண்ணி! எப்படி அண்ணி…” நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவள் முன்னால் மண்டியிட்டு, கன்னத்தைத் தட்டி, பெயர்சொல்லாமல் அண்ணி அண்ணி என்று உலுக்கினான். அவள் தன் உயிரை எல்லாம் கண்ணில் கொண்டுவந்து அவனைப் பார்த்தாள். அவன் அந்தக் கண்ணுக்குள் தேடிப் பார்த்தான். அவனுக்கு அங்கே யாரும் தெரியவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

“என்னைத் தூக்கித் தூக்கியே அவ உடம்பு போச்சுடா” என்றது அவர் குரல், மேலேயிருந்து. “வெளிய வண்டி இருக்கில்ல?”

“இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், உடனே. ஐயோ, அண்ணி…”

“ஆஸ்பத்திரிக்கு அப்புறமா, நீ சொன்னியே ஒரு இடம். நல்லா பாத்துக்குவாங்கன்னு.”

“அதெல்லாம் இப்ப எதுக்குண்ணா” என்று கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் கால்பக்கம் போய்க் குனிந்து, முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்தான். அவர் தோள்பக்கம் வந்தார். குனியும்போது தொங்கிய அவள் தலை அவர் இடுப்பில் சாய்ந்தது. அவர் வலதுகை அவள் கண்ணுக்கு அருகே, மிக அருகே இருந்தது. மற்ற நான்கு விரல்களும் அவளைத் தூக்குவதற்காக ஒழுங்காக மடங்கி, உறுதியாக அவள் தோளைப் பற்றியிருந்தன.

கட்டைவிரல் மட்டும் அவற்றோடு சேரவில்லை. அது அவள் தோளின்மேல், பட்டன் எதுவும் இல்லாத இடத்தில், நகம் வெளுக்க வெளுக்க, அமுக்கிக்கொண்டே இருந்தது.